தனிநாயகம் அடிகளாரும் மறைந்துகிடந்த அகராதியும்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து சற்றுத் தொலைவில், லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1961ஆம் ஆண்டு அதன் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக ஒரு கத்தோலிக்கக் குரு வந்து சேர்ந்தார். அவர்தாம் சேவியர் தனிநாயகம் அடிகளார். தமிழரின் வரலாற்றை எழுத விரும்பியவர், அதற்குரிய சான்றுகளைத் தேடி நாடு நாடாக அலைந்தவர், தேடிக் கண்டதை அச்சிட்டு உலகின் கையில் கொடுத்தவர் அவர்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியில் உள்ள கரம்பொன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஊர்க்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிக்கல்வி பெற்றார். அக்காலத்தில் அத்தகைய பள்ளிகளில் ஆங்கிலத்திற்கே முதலிடம். பின்னர்க் கொழும்பிலும் உரோமையிலும் குருத்துவக் கல்வி கற்று, 1938இல் குருவானார். உரோமையில் அவர் செய்த ஆய்வும் வரலாற்று ஆய்வுதான். பழங்காலக் கார்த்தேச் நகரத் திருச்சபையைப் பற்றியது அது. இலத்தீன், இத்தாலியம், போர்த்துக்கீசியம், ஸ்பானியம் முதலிய மொழிகள் அவருக்குப் பழக்கமாயின. தமிழ் இலக்கியம் மட்டும் அப்போது அவருக்குத் தொலைவாகவே இருந்தது.

1940இல் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் உள்ள பள்ளி ஒன்றில் அவர் பணியேற்றார். அங்கே தம் குறையை உணர்ந்தார். குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றார். வயது முப்பதை நெருங்கும்போது, உரோமையில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்த ஒருவர், சிற்றூர் ஒன்றில் அடிப்படையிலிருந்து தொடங்கினார் என்பது சாதாரணச் செய்தி அன்று. அவ்வாறு தொடங்கியவர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று தமிழில் முதுகலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் பெற்றார். பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை எவ்வாறு இடம்பெறுகிறது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். அந்த ஆய்வேடு ஆங்கில நூலாக வெளிவந்தது. சங்க இலக்கியத்தை வெளிநாட்டவர்க்கு அறிமுகம் செய்த நூல்களில் அதற்கு ஓரிடம் உண்டு.

நூல் எழுதுவது ஒரு வேலை. அதனை வெளியிடுவது வேறொரு வேலை. அடிகளார் இரண்டையும் செய்தார். 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவி நூல்களை வெளியிட்டார். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழைப் பற்றிய இதழுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்கலாம். இந்தியப் பண்பாடு என்றாலே வடமொழி நூல்கள்தாம் என்று வெளிநாட்டு அறிஞர் பலர் எண்ணியிருந்த காலம் அது. அவர்கள் படிக்கும் மொழியில் சொன்னால்தான் செய்தி அவர்களை எட்டும் என்று அடிகளார் கருதினார்.

தமிழுக்கு நெடிய வரலாறு உண்டு என்று பேசுவோர் அப்போதும் பலர் இருந்தனர். அடிகளார் பேச்சோடு நிற்கவில்லை. ஐரோப்பாவுக்குச் சென்றபோதெல்லாம் அங்குள்ள நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பழைய தமிழ் நூல்களைத் தேடினார். போர்த்துக்கல் நாட்டுத் தலைநகர் லிஸ்பனில் 1554ஆம் ஆண்டில் அச்சான ஒரு சிறு சமய நூலை அவர் ஆராய்ந்தார். அந்நூலில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டு, போர்த்துக்கீசியப் பொருளும் தரப்பட்டிருந்தது. தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறிய கதையைப் பற்றி 1958இல் அவர் எழுதிய கட்டுரை இத்தகைய தேடலின் பயனாகும்.

1954இல் வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டெடுத்த நூல் இன்னும் அரியது. அது அந்தோ தெ புரோவென்சா என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. புரோவென்சா 1666இல் இறந்தார். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1679இல், கேரளத்து அம்பலக்காட்டில் அகராதி அச்சிடப்பட்டது. பதினாறாயிரத்திற்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இப்படியோர் அகராதி அச்சாகிவிட்டது. புலவர்களின் சொற்களோடு, பதினேழாம் நூற்றாண்டில் மக்கள் வாயில் வழங்கிய சொற்களும் அதில் இடம்பெற்றன. ஆகவே அன்றைய பேச்சுத் தமிழை அறிய அது ஒரு சாளரம்.

போர்த்துக்கீசியருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வியக்க வேண்டியதில்லை. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்கள் அவர்கள்தாம். மலாய்மொழியில் ‘மேஜா’, ‘அல்மாரி’ என்கிறோம். தமிழில் மேசை, அலமாரி என்கிறோம். இரண்டு மொழிகளும் இச்சொற்களை ஒரே கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டன எனலாம். சாவியும் சன்னலும் அவ்வாறு வந்தவையே.

கண்டெடுத்த நூலைப் பற்றிக் கட்டுரை எழுதுவதோடு பலர் நிறுத்திக்கொள்வர். நூல் மீண்டும் அலமாரிக்குப் போய்விடும். அதைப் பார்க்க விரும்புவோர் உரோமைக்குக் கப்பலேற வேண்டும். மேலும், ஒரே இடத்தில் இருக்கும் நூலுக்கு நீரும் கறையானும் தீயும் எப்போதும் பகை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் கிடைக்காத ஏடுகளும் அவற்றோடு போயின.

அடிகளார் அகராதியின் பக்கங்களைப் படம் பிடித்து, எழுத்து மாறாமல் அப்படியே அச்சிட ஏற்பாடு செய்தார். 1966இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வெளியீடாக அது வந்தது. அம்பலக்காட்டில் அச்சாகி 287 ஆண்டுகளுக்குப் பின், அகராதியின் இரண்டாம் பிறப்பு கோலாலம்பூரோடு இணைந்தது. நெதர்லாந்தின் லெய்டன் நகரிலிருந்த பிரில் பதிப்பகம் அதனைப் பிற நாடுகளில் விற்றது.

அந்த ஆண்டு அவருக்கு ஓய்வே இருந்திருக்காது. சங்கப் பாடல்களில் இயற்கை பற்றிய அவருடைய நூல் திருத்திய பதிப்பாக மீண்டும் வெளிவந்தது. தமிழியல் ஆய்வுக்கு உதவும் நூல்களின் பட்டியல் ஒன்றையும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி வெளியிட்டார். பட்டியல் தயாரிப்பது புகழ் தராத, சலிப்பூட்டும் உழைப்பு. ஆயினும் பின்னால் வரும் ஆய்வாளர் எங்கிருந்து தொடங்குவது என்று திகைக்காமலிருக்க அதுவே துணை.

இவற்றுக்கு நடுவில்தான் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது. அதற்கான விதை 1964 சனவரியில் புதுடில்லியில் ஊன்றப்பட்டது. கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலக மாநாட்டுக்கு வந்திருந்தோரில் தமிழ் ஆய்வில் ஈடுபட்டவர்கள் ஒன்றுகூடி, அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தனர். அடிகளாரோடு வ. அய். சுப்பிரமணியம், செக் நாட்டுக் கமில் சுவலபில், பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபில்லியோசா ஆகியோர் அதில் பங்கேற்றனர். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டுக்கு வெளியே, மலேசியாவில் முதல் மாநாடு கூடியது நம் நாட்டுக்குக் கிடைத்த பெருமை. மாநாட்டுக் கட்டுரைகளைத் திரட்டி 1968லும் 1969லும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். மேடையில் கேட்ட சொற்கள் காற்றோடு போகாமல் நூலாயின.

தென்கிழக்காசியாவில் தமிழர் பண்பாட்டின் சுவடுகளையும் அவர் எழுதினார். தாய்லாந்து அரண்மனைச் சடங்கில் திருவெம்பாவை ஓதப்படுவதைக் குறித்து அவர் எழுதியது பலருடைய கவனத்தை ஈர்த்தது. தமிழில் ‘தமிழ்த்தூது’ என்னும் கட்டுரைத் தொகுப்பும், தம் பயணங்களைப் பற்றிய ‘ஒன்றே உலகம்’ என்னும் நூலும் உள்ளன. அவற்றின் நடை எளியது. மாணவர்கள் அவற்றிலிருந்து தொடங்கலாம்.

1969இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகினார். ஐரோப்பாவில் சில காலம் பாடம் நடத்திவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினார். உடல் நலிந்த நிலையிலும், 1980 ஏப்ரலில் தமிழாராய்ச்சி கடந்து வந்த வழியையும் இனிச் செய்ய வேண்டியதையும் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இறந்தார். நான்கு மாதங்களுக்குப் பின் ஐந்தாவது மாநாடு மதுரையில் கூடியது. அங்கே அவருக்குச் சிலை வைத்தனர்.