நாய்க்கும் சுகர் வருமா? இன்சுலின் தந்த பான்டிங்கின் கதை

நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். உலகத்துக்கு அது நீரிழிவு தினமும்கூட. 1891-ல் அதே நாளில்தான் கனடாவில் ஃபிரடெரிக் பான்டிங் பிறந்தார். உங்க வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கிறாங்கன்னா, அதுக்குப் பின்னால் இவரும் இருக்கார், பேர் தெரியாத பல நாய்களும் இருக்கு.

முதல் மாச வருமானம் 4 டாலர்

ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அலிஸ்டனில் ஒரு விவசாயக் குடும்பம் பான்டிங்குடையது. டொரன்டோவில் மருத்துவம் முடித்து, முதல் உலகப் போருக்குப் போனார். 1918-ல் காயம்பட்ட நிலையிலும் மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததற்காக வீரப் பதக்கம் கிடைத்தது. ஆனா ஊர் திரும்பி 1920-ல் கிளினிக் திறந்தபோது, முதல் மாச வருமானம் வெறும் 4 டாலர்.

செலவைச் சமாளிக்கப் பகுதிநேரமா பாடம் எடுத்தார். அக்டோபர் 31 ராத்திரி, கணையம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். தூக்கம் வரல. கணையத்தின் குழாயைக் கட்டிவிட்டால் செரிமான நீர் சுரக்கும் செல்கள் அழிந்துபோகும், மிச்சமிருக்கும் பகுதியிலிருந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருளை எடுக்கலாமே என்று தோன்றியது.

நாய் உடம்பில் என்ன நடக்குது?

கணையத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை ஒரு நாய்தான் முன்பே காட்டியிருந்தது. 1889-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அது ஓயாமல் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. சோதித்தால் அந்தச் சிறுநீரில் சர்க்கரை!

காரணம் இதுதான். இன்சுலின் இல்லைன்னா ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உடம்பு சரியாப் பயன்படுத்த முடியாது. அளவு ஏறஏற அது சிறுநீரில் வழியும், தண்ணீரையும் கூடவே இழுத்துட்டுப் போகும். அதனால தீராத தாகம். உள்ளே பட்டினி கிடக்கும் உடம்பு, கொழுப்பையும் தசையையும் கரைக்கும். நிறைய சாப்பிட்டும் நாய் இளைப்பது இதனால்தான்.

410-ம் எண் நாய்

1921 மே மாதம் டொரன்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மெக்லியோட் கொடுத்த ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்கியது. உதவிக்கு சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவர். ஆரம்பத்தில் நாய்கள் வரிசையா செத்தன. ஜூலை 30-ம் தேதி, 410 என்று எண்ணிட்ட ஒரு டெரியர் நாய்க்குச் சாறு செலுத்தியதும், ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 200-லிருந்து 120-க்கு இறங்கியது. அந்த நாய் அதிக நாள் பிழைக்கல. 92-ம் எண் நாய் இறந்தபோது, பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாமல் முகத்தை மறைத்து அழுததாக பான்டிங்கே பிறகு எழுதினார்.

குழாயைக் கட்டவே தேவையில்லை, மாட்டுக் கணையமே போதும் என்பது பிறகு தெரிந்தது. அதைச் சுத்திகரித்தவர் காலிப். 1922 ஜனவரியில் 14 வயது லியனார்டு தாம்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரியா வேலை செய்யல. சில நாளில் சுத்தமான மருந்து வந்தது, சிறுவன் பிழைத்தான். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்கள். 1923-ல் பான்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் நோபல் பரிசு. தன் பரிசுப் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார் பான்டிங். 1941 பிப்ரவரியில் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அப்போது வயது 49.

உங்க வீட்டு நாய்க்கு?

நாய்கள் மூலம் கிடைத்த மருந்து இன்று நாய்களையும் காப்பாத்துது. ஆனா நோய் இருப்பது தெரிந்தால்தானே ஊசி போட முடியும்? கள்ளக்குறிச்சி நகரத்திலோ கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ, காவல் நாய் இளைத்து, கண் வெளுத்துப் போனால் வயசாயிடுச்சுன்னு விட்டுடுறது சுலபம். அது சர்க்கரை நோயாவும் இருக்கலாம். சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வரும்.

* அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், சாப்பிட்டும் இளைப்பு: கால்நடை மருத்துவரிடம் ரத்தமும் சிறுநீரும் சோதிங்க.
* கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு ஆபத்து கூடுதல்.
* நாய்க்குப் பொதுவா மாத்திரை உதவாது. வழக்கமா தினம் இரண்டு வேளை இன்சுலின், அதுவும் வாழ்நாள் முழுக்க. வீட்டில் உள்ளவர் மருந்தை எடுத்துப் போடாதீங்க, அளவு வேற.
* குண்டான பூனைக்கும் வரும். சீக்கிரம் கவனிச்சா சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வரலாம். ஆடு, மாடுகளுக்கு இது அரிது.
* ஊசிக்குப் பிறகு நாய் நடுங்கினாலோ தள்ளாடினாலோ சர்க்கரை ரொம்பக் குறைஞ்சிருக்கலாம். ஈறில் கொஞ்சம் தேன் தடவிட்டு, உடனே மருத்துவரிடம் தூக்கிட்டுப் போங்க.