மளிகைக் கடைப் பையன் போட்ட திட்டம்



மண்ணுக்குள் மறைந்து கிடந்த டிராய் என்னும் பழம்பெரும் நகரைத் துருக்கி தேசத்தில் தோண்டியவர் ஹைன்ரிக் ஷ்லீமான். இதை உலகம் அறியும். அதற்கு முன் அவரும் நம்மைப் போல் தராசு பிடித்தவர் என்பதைப் பலர் அறியார்.

1822-ல் வட ஜெர்மனியில், வசதியில்லாத பாதிரியார் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். 14 வயதில் படிப்பு நின்றது. மளிகைக் கடையில் ஐந்தரை வருஷம் உப்பும் வெண்ணெயும் நிறுத்துக் கொடுத்தார், கடையையும் கூட்டினார். பாரமான பீப்பாயைத் தூக்கியதில் மார்பு நோய் கண்டு, அந்த வேலையும் போயிற்று. 1841-ல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஹாலந்துக் கரையோரம் கப்பல் உடைந்தது. வெறுங்கையோடு ஆம்ஸ்டர்டாம் சேர்ந்து, ஒரு கம்பெனியில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் சிற்றாள் ஆனார்.

அங்கேதான் திட்டம் தொடங்குகிறது. வருஷச் சம்பளம் 800 பிராங்க். அதில் பாதியைப் படிப்புக்கென்று ஒதுக்கினாராம். தெருவில் நடக்கும்போதும், தபால் நிலையத்தில் காத்து நிற்கும்போதும் கையில் புத்தகம். தினமும் உரக்கப் படிப்பார், சொந்தமாக எழுதுவார், ஆசிரியர் திருத்தித் தந்ததை மனப்பாடம் செய்வார். இப்படியே ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்றார்.

1844-ல் ஷ்ரோடர் என்ற பெரிய வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனம் ரஷ்யாவோடு அவுரி நீல வியாபாரம் செய்து வந்தது. தம் முதலாளிக்கு எது தேவை, ஊரில் எது கிடைக்கவில்லை என்று பார்த்தார். ரஷ்ய பாஷை! கற்றுத்தர ஆள் இல்லை. பழைய இலக்கணத்தையும் அகராதியையும் வாங்கினார். தாம் படிப்பதைக் கேட்க ஆள் வேண்டுமென்று, அந்தப் பாஷையே தெரியாத ஒருவருக்கு வாரம் 4 பிராங்க் கொடுத்து எதிரே உட்கார வைத்தாராம்! சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் முறையிட, இரண்டு முறை ஜாகை மாற்றினார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

பலன் என்ன? 1846-ல் நிறுவனம் அவரையே தன் ஏஜண்டாக ரஷ்யத் தலைநகருக்கு அனுப்பியது. அடுத்த வருஷமே சொந்த வியாபாரம். அவுரியில் பெரும் பொருள் சேர்த்து, நாற்பது வயதைக் கடந்ததும் வியாபாரத்தை விட்டு, டிராய் ஆசையின்பால் திரும்பினார்.

இனி, கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தம் கதையை அவர் கொஞ்சம் மெருகேற்றியே எழுதினார் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இடத்தைச் சுட்டிக் காட்டிய பிராங்க் கல்வர்ட்டுக்கு உரிய புகழைத் தரவில்லை. அவசரப்பட்டு ஆழமாக வெட்டியதில் மேலடுக்குகள் பல அழிந்தன. 1873-ல் கிடைத்த பொற்புதையலைக் கள்ளத்தனமாக வெளியேற்றினார். துருக்கி அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. கடைசியில் 50,000 பிராங்க் கொடுத்துத் தீர்த்தார். அவர் நினைத்த காலத்துக்கு அந்தப் பொன் ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முந்தியது என்பதும் பின்னர் தெரிந்தது. 1890-ல் காலமானார்.

சகோதரர்களே! பெரிய முதலாளியாக வேண்டும் என்று ஆசைப்படாத கடைப்பையன் இல்லை. ஆசை திட்டமாகாது. என் வியாபாரத்தில் யாருக்கும் தெரியாதது எது, அதைக் கற்க வருமானத்தில் எவ்வளவு, நாளில் எந்த நேரம் — இம்மூன்றையும் இன்றிரவு கடையடைத்ததும் பேரேட்டின் ஓரத்தில் எழுதுங்கள். நாலாவதாக, பிறருக்குச் சேரவேண்டிய பங்கையும் எழுதுங்கள். ஷ்லீமான் எழுத மறந்தது அந்த ஒரு வரிதான்.