என்ஜினே பாடப் புத்தகம்! ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை

அவருடைய பள்ளிக்கூடப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்று போனது. ஆனால் பிற்காலத்தில் அவரே ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வராக உட்கார்ந்தார்.

அவர்தான் கோவை ஜி.டி.நாயுடு.

கோலார் தங்கவயலில் ஸ்பேனர் பிடித்த குடும்பங்கள் ஏராளம். சுரங்கத்தில் பிட்டராக இருந்த தாத்தா, ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா என்று சொல்லாத வீடு குறைவு. அந்த வீடுகளில் உள்ளவர்கள் இந்த மனிதரின் கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

களங்கல் கிராமத்துப் பையன்

கோவைக்குப் பக்கத்தில் உள்ள களங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். பெயர் துரைசாமி. தந்தை கோபால்சாமி நாயுடு, விவசாயி.

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியாரிடம் முரண்டு பிடித்தான். படிப்பு பாதியில் நின்றது. வயல் வேலைக்குப் போனான்.

அந்தக் காலத்தில் கிராமத்துச் சாலையில் மாட்டு வண்டிதான் போகும். ஒரு நாள், மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தடதடவென்று வந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அது. ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் தயாரிப்பு.

வழியில் அந்த வண்டி நின்று விட்டதாகவும், துரைசாமி ஓடிப் போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்து கொடுத்ததாகவும் சொல்வார்கள். அதிகாரி வண்டியைத் துடைத்துச் சரி செய்து கிளம்பிப் போய் விட்டார். பார்த்துக் கொண்டிருந்த இளைஞனின் மனசும் அந்த வண்டியோடு போய் விட்டது.

ஓட்டல் சர்வர்

அந்த மோட்டார் சைக்கிளை எப்படியும் வாங்கி விடுவது என்று அவர் தீர்மானித்தார். கையில் காசு இல்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். தட்டு எடுத்தார், மேஜை துடைத்தார். சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தார்.

சுமார் 3 வருடம் இப்படிப் போனது. கடைசியில் 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கினார். அந்தக் காலத்து 300 ரூபாய்!

வேறு யாராவது என்றால் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வந்திருப்பார்கள். நாயுடு அதைப் பிரித்துப் போட்டார். பிறகு மறுபடியும் பூட்டினார். மறுபடி பிரித்தார், மறுபடி பூட்டினார். அவருக்கு அதுதான் கல்லூரிப் படிப்பு.

மெக்கானிக் வேலை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு என்ஜினைப் பிரிப்பது சுலபம். கழற்றிய வரிசையை மறக்காமல், ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, திரும்ப அதனதன் இடத்தில் வைப்பதுதான் கஷ்டம். பூட்டி முடித்த பிறகு ஒரு வாஷர் மிச்சம் இருந்தாலும் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் எப்படி வருகிறது, பொறி எங்கே விழுகிறது, பிஸ்டன் ஏன் திரும்பி வருகிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டால்தான் வண்டி மறுபடி ஓடும்.

நம்பிக் கொடுத்த துரை

அதன் பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். முதல் உலகப் போர் சமயத்தில் நல்ல லாபம் வந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் வியாபாரம் செய்யப் பார்த்தார். சம்பாதித்தது எல்லாம் போனது. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

அப்போது கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். நூற்பாலை நடத்தியவர், பள்ளிக்கூடம் தொடங்கியவர். நாயுடுவிடம் பட்டமும் இல்லை, சொத்தும் இல்லை. ஆனால் கையில் தொழில் இருக்கிறது என்பதை அந்தத் துரை கவனித்தார். பஸ் வாங்கப் பணம் கொடுத்து உதவினார்.

1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவின் முதல் பஸ் ஓடியது. டிரைவர் வேலையையும் அவரே பார்த்தார்.

ஒரு பஸ் பல பஸ் ஆனது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அந்தக் கம்பெனியை யு.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் இல்லை. நூற்றுக்கணக்கான பஸ்கள் ஓடின. ரிப்பேர் வேலைக்குச் சொந்த ஒர்க் ஷாப் வைத்தார்.

மோட்டாரும் ரேசரும்

பஸ்ஸோடு அவர் நின்று விடவில்லை. 1937-ம் ஆண்டு டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். மோட்டாரும் பம்பும் என்றால் கோவைதான் என்று பின்னால் ஊருக்குப் பெயர் வந்ததற்கு இப்படிப்பட்ட ஆரம்பங்களே காரணம்.

பாட்டரியில் ஓடும் சின்னஞ்சிறு முகச்சவர ரேசர் ஒன்றையும் உருவாக்கினார். ரசந்த் என்ற பெயரில் அது ஜெர்மனியில் தயாரானது. குறைந்த விலையில் ரேடியோ, இரண்டு பேர் போகும் சிறிய கார் என்று பல திட்டங்கள் வைத்திருந்தார். காருக்கு அரசாங்க லைசென்சு கிடைக்கவில்லை.

தோட்டத்தையும் அவர் விடவில்லை. ஆள் உயரத்தை மிஞ்சிய பருத்திச் செடி வளர்த்தார். பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார்.

அவருக்குக் கோபமும் அதிகம். வரிக் கொள்கையை எதிர்த்து, தான் செய்த ரேடியோ முதலிய பொருள்களைப் பொது மக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். வாழ்நாள் எல்லாம் பூட்டிச் சேர்த்த கைகள் உடைத்ததைப் பார்த்துப் பலர் வருந்தினார்கள்.

4 வருடம் எதற்கு?

1945-ம் ஆண்டு அவருடைய முயற்சியால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இன்றைக்கும் கோவையில் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் நிறுத்தம் இருப்பது அதனால்தான்.

முதல்வராக இருந்த நாயுடுவுக்கும் அரசாங்கத்துக்கும் ஒத்துப் போகவில்லை. என்ஜினீயரிங் கற்க 4 வருடம் தேவையில்லை, மெஷின் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக் கொடுத்தால் 2 வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக் கொள்ளவில்லை. அவர் விலகி விட்டார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை 2015-ம் ஆண்டு கோவையில் பழைய கார்களுக்கு ஒரு மியூசியம் திறந்தது. எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகள் அங்கே பளபளவென்று நிற்கின்றன.

நம் ஊருக்கு வருவோம்

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 3 கிலோ மீட்டருக்கும் மேலான ஆழத்துக்குக் கூண்டு இறக்கி ஏற்றிய வைண்டிங் என்ஜின்களைப் பராமரித்த கைகளுக்கு ஒரே நாளில் வேலை இல்லாமல் போனது. வெளியூரில் வேலை கேட்டால் சர்டிபிகேட் எங்கே என்றார்கள். பலரிடம் அது இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரெயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போகிறார்கள்.

ஆனாலும் அந்தத் தொழில் சாகவில்லை. கோலார் மாவட்டத்துத் தக்காளித் தோட்டங்களிலும் மல்பெரித் தோட்டங்களிலும் பவர் டில்லர் உழுகிறது. 1967-ல் தொடங்கிய பெங்களூர் வி.எஸ்.டி. கம்பெனி ஜப்பானிய உதவியோடு செய்த டில்லர்கள் இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்திலேயே பழக்கம். ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின்தான். டீசல் குழாயில் காற்று புகுந்து என்ஜின் மக்கர் செய்தால், ஸ்குரூவைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி ஓட்டத் தெரிந்தவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் மாற்றத் தெரிந்தவருக்குப் பழைய எந்திரமே புது எந்திரம்.

நாயுடுவின் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் அவருடைய மூளையையும் உழைப்பையும் புகழ்வார்கள். அது நியாயம்தான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சர்டிபிகேட் கேட்காமல் கையைப் பார்த்து நம்பிய ஒரு ஸ்டேன்ஸ் துரை இல்லாவிட்டால், அவர் இன்னும் கொஞ்ச காலம் மேஜை துடைத்திருப்பார்.

தங்கவயலில் என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை நம்பி ஒரு ஒர்க் ஷாப் வைத்துக் கொடுக்கவும், சின்னப் பையன்களைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக் கொடுக்கச் சொல்லவும்தான் ஆள் வேண்டும்.