குழந்தையைத் தேடிச் சென்ற மருத்துவம்

நாமகிரிப்பேட்டையின் மஞ்சள் மண்டிகளில் விரலி வேறு, உருண்டை வேறு என்று தரம் பிரிக்கும் பெண்கள் நாட்கூலிக்கு உழைப்பவர்கள். ராசிபுரம் வட்டாரத்தின் ஜவ்வரிசி ஆலைகளிலும் இதே நிலைதான். இவர்களில் ஒருவரின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மருந்துக்கும் விலை இல்லை. ஆனாலும் அந்தத் தாய் உடனே புறப்படுவதில்லை. காரணம் அலட்சியம் அன்று. மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் கூலி இல்லை. அத்துடன் பேருந்துக் கட்டணமும் சேர்கிறது. ஆகவே, கடையில் ஒரு மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் வேலைக்குப் போகிறார். இதைத்தான் பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்று பாடம் நடத்துகிறோம். இலவசம் என்று அறிவிக்கப்பட்ட சேவைக்கும் ஏழை ஒரு விலை கொடுக்கத்தான் செய்கிறார்.

காப்பீடு இதற்குத் தீர்வாகாதா என்ற கேள்வி எழலாம். தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கி, 2012-இல் விரிவாக்கப்பட்ட அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், காப்பீடு என்பது நோய் இன்னதென்று தெரிந்து, மருத்துவமனையில் சேர்ந்த பிறகு கைகொடுக்கும் ஏற்பாடு. இதயத்தில் ஓட்டையுடன் பிறந்த குழந்தை ஓடியாட முடியாமல் சோர்ந்து உட்கார்ந்தால், வீட்டார் அதைச் சோம்பல் என்றே எண்ணக்கூடும். காது சரியாகக் கேளாத சிறுவனை ஆசிரியர் மந்தபுத்திக்காரன் என்று கருதக்கூடும். நோய் கண்டறியப்படும் வரை காப்பீட்டு அட்டை பெட்டியில் உறங்கும். குழந்தை மருத்துவரைத் தேடிச் செல்வதில்லை. மருத்துவம்தான் குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதைச் சென்னை மாகாண சட்ட மேலவையில் வலியுறுத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

தேவதாசி முறை ஒழிப்புக்காகவும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்காகவும் நினைவுகூரப்படும் அவருடைய வாழ்க்கையை, குழந்தைகளின் உடல்நலம் என்ற இழையைப் பற்றிக்கொண்டு திரும்பிப் பார்ப்பது இன்றைக்குப் பயன் தரும்.

1886 ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்விப் பணியில் இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசையைத் தொழிலாகக் கொண்ட மரபில் வந்தவர். அந்த மரபின் பெண்களுக்கு அன்றைய சமூகம் இழைத்த அவமதிப்பு, மகளின் மனதில் சிறுவயதிலேயே பதிந்தது. இளமையில் அவர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். கண்பார்வையிலும் குறைபாடு இருந்தது. நோயுற்ற குழந்தையின் தவிப்பை அவர் பாடநூலில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

பெண்கள் பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட காலம் அது. தந்தையின் துணையுடன் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறிய முத்துலட்சுமி, 1904-இல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி. எதிர்ப்புகள் கிளம்பின. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி வழங்கினார், உதவித்தொகையும் கிடைத்தது. மாணவர்களின் பார்வை படாதவாறு வகுப்பறையில் திரையிட்டு, அதன் பின்னால் அமர்ந்து அவர் படிக்க நேர்ந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பரிசுகளுடன் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றினார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தமது விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு அவர் உடன்பட்ட பிறகே திருமணத்துக்கு இசைந்தார். மருத்துவத் தொழிலில் பெயரும் வருவாயும் பெருகின. 1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிய மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். தனிப்பட்ட மருத்துவர் ஒருவர் எத்தனை பேருக்குக் கட்டணமின்றி மருத்துவம் பார்த்தாலும், நோயின் வேர்களான வறுமை, குழந்தைத் திருமணம், அறியாமை ஆகியவற்றை அறுக்க முடியாது என்ற தெளிவு அவருக்கு ஏற்பட்டிருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்றுச் சட்ட மேலவைக்கு வர அவர் இசைந்ததை அந்தத் தெளிவின் விளைவாகவே கொள்ள வேண்டும். வருவாய் மிக்க தொழிலைச் சுருக்கிக்கொண்டு பொதுப்பணிக்கு வருவது அன்றும் எளிதன்று.

1926-இன் இறுதியில் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்ட அவர், 1927-இல் அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் டாக்டர் ப.சுப்பராயன், இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் குமாரமங்கலத்தைச் சேர்ந்த ஜமீன்தார். அந்த அவையில் முத்துலட்சுமி எழுப்பிய கோரிக்கைகளில் இரண்டு நம் பொருளுக்கு நேரடியானவை. ஒன்று, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்பது. அவை அதை ஏற்றது. அதன் தொடர்ச்சியாகச் சென்னை மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. மற்றொன்று, பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் முறையான மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும் என்பது.

இந்த இரண்டாவது கோரிக்கையின் ஆழத்தைக் கவனிக்க வேண்டும். நோயுற்ற ஏழைக் குழந்தைக்கு உதவுவது அறம் என்பது நம் மரபில் புதிதன்று. வைத்தியர் ஏழையிடம் காசு வாங்காமல் மருந்து கொடுத்த கதைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. ஆனால், அந்த உதவி வைத்தியரின் வாசலை எட்டியவருக்கு மட்டுமே கிட்டியது. பள்ளியில் பரிசோதனை என்றால், பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கேட்டுப் பெறும் உதவி, கேளாமலே கிடைக்கும் உரிமையாகிறது. தாயின் ஒரு நாள் கூலியும் பறிபோவதில்லை.

தேவதாசி முறைக்கு எதிரான அவருடைய போராட்டத்தையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை அவர் சமய வழக்காக மட்டும் பார்க்கவில்லை. குழந்தைகளின் உடலுக்கும் உயிருக்கும் நேரும் கேடாக ஒரு மருத்துவரின் கண்ணோடு பார்த்தார். கடும் எதிர்ப்புக்கிடையே அவர் தொடங்கிவைத்த முயற்சி, 1947-இல் முழுமையான தடைச் சட்டமாக நிறைவெய்தியது. இதற்கிடையே, 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து மேலவைப் பதவியைத் துறந்தார். தங்க இடமின்றித் தம் வீட்டுக் கதவைத் தட்டிய சிறுமிகளை ஏற்றுக்கொண்டதில் பிறந்ததுதான் அவ்வை இல்லம். அங்கே சாதி கேட்கப்படவில்லை. பெற்றோர் பெயரும் கேட்கப்படவில்லை.

அவருடைய இறுதிக்காலப் பெரும்பணி புற்றுநோய் மருத்துவமனை. தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ட அவர், சிறப்பு மருத்துவமனை ஒன்றைத் தோற்றுவிக்க உறுதி பூண்டார். சாவில் முடியும் நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற மனநிலை அரசு வட்டாரத்திலும் மருத்துவ உலகிலும் நிலவிய காலம் அது. பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் அடையாறில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். வசதி உள்ளவர் செலுத்தும் கட்டணமும் நன்கொடையும் வசதி இல்லாதவரின் சிகிச்சையைத் தாங்கும் முறை அங்கே நிலைபெற்றது. குழந்தைகளின் புற்றுநோய்க்கென நாட்டிலேயே முன்னோடியான தனிப்பிரிவு 1960-இல் அங்கு உருவானபோது முத்துலட்சுமி உயிருடன் இருந்தார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.

அவர் மறைந்த பின் தமிழகம் நெடுந்தொலைவு வந்திருக்கிறது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்போர் 1981-இல் 91 பேராக இருந்தனர்; 2020-இல் அது 13 ஆகக் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள், தடுப்பூசி, கிராம சுகாதாரச் செவிலியர், சத்துணவு எனப் பல கைகள் சேர்ந்து செய்த சாதனை இது. 2013 முதல் தேசிய அளவில் நடைபெறும் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நேரில் சென்று, பிறவிக் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிகின்றன. இவையெல்லாம் ஒரு தனிமனிதரின் கொடை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், மேலவையில் அவர் கேட்டது இதைத்தான்.

பிறகு எங்கே தடுக்கி விழுகிறோம்? கண்டறிதலுக்கும் குணமாவதற்கும் இடையிலான தூரத்தில். பள்ளியில் பரிசோதித்த மருத்துவர், குழந்தையைச் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ அழைத்துச் செல்லுமாறு சீட்டு எழுதித் தருகிறார். சேலத்தில் சுப்பராயனின் புதல்வர் மோகன் குமாரமங்கலத்தின் பெயரைத் தாங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. இரண்டிலும் சிகிச்சை இலவசம். ஆனால், ஒருமுறை சென்றால் போதாது. பரிசோதனைக்கு ஒரு நாள், முடிவை அறிய ஒரு நாள், மருத்துவமனையில் தங்கினால் பல நாள். நாட்கூலிக் குடும்பத்தில் இத்தனை நாள்களும் அடுப்பை அணைக்கும் நாள்கள். போதமலையில் வாழும் குடும்பமானால் நிலைமை இன்னும் கடினம். நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கிய மலை அது. கோழிப் பண்ணைக்கும் செங்கல் சூளைக்கும் பிழைக்க வந்த வெளிமாநிலத் தொழிலாளியின் பிள்ளை பள்ளிப் பதிவேட்டிலேயே இல்லாதபோது, பரிசோதனைக் குழுவின் கண்ணில் படவும் வாய்ப்பில்லை.

2021-22-ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்தே செலவிடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது இந்த அளவுக்குக் குறைந்திருப்பது ஆறுதல் தருவதே. ஆனால், இழந்த கூலி எந்த மருத்துவக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத செலவு, கொள்கையிலும் இடம்பெறுவதில்லை.

இதற்கான விடை முத்துலட்சுமியின் பெயரிலேயே நம் கையில் இருக்கிறது. 1987 முதல் தமிழக அரசு நடத்திவரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் அடிப்படை என்ன? கருவுற்ற ஏழைப் பெண் வேலைக்குச் செல்ல முடியாத காலத்தில் இழக்கும் கூலியை ஈடுசெய்து, சத்தான உணவுக்கு வழி செய்வது. பதிவு, அரசு மருத்துவமனையில் மகப்பேறு, குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொரு படியிலும் தவணையாக உதவி கிடைக்கிறது. உதவித்தொகை படிப்படியாக உயர்த்தப்பட்டு, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாயாக இருக்கிறது. கூலி இழப்பும் மருத்துவச் செலவின் ஒரு பகுதியே என்பதை அரசு இத்திட்டத்தின் மூலம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

பிரசவத்துக்கு ஏற்றுக்கொண்ட அதே கொள்கையை, பிறந்த குழந்தையின் நோய்க்கும் நீட்டிப்பதே இப்போது தேவை. பள்ளிப் பரிசோதனையில் கண்டறியப்பட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு குழந்தையுடனும் செல்லும் பெற்றோர் ஒருவருக்கு, அந்நாள்களுக்கான கூலியும் பயணச் செலவும் வழங்கப்பட வேண்டும். குழந்தை மருத்துவமனையை அடைந்ததா, சிகிச்சை முடிந்ததா என்பதைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு, சீட்டு எழுதியவருடன் முடிந்துவிடாமல் ஒன்றிய அளவில் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். பள்ளியில் இல்லாத பிள்ளைகளைத் தேடிப் பரிசோதனைக் குழுக்கள் சூளைகளுக்கும் பண்ணைகளுக்கும் செல்ல வேண்டும். அங்கே குடும்ப அட்டையைக் கேட்கக் கூடாது.

இதனால் கருவூலத்துக்குச் சுமை கூடும் என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால், ஏழு வயதில் சரிசெய்யக்கூடிய காதுக் கோளாறு கவனிக்கப்படாமல் போனால், அந்தச் சிறுவன் பள்ளியை விட்டு நிற்பான்; வாழ்நாள் முழுவதும் குறைந்த கூலிக்கு உழைப்பான். அந்த இழப்பு அவனுடையது மட்டுமன்று, நாட்டினுடையதும்தான். குழந்தையின் உடல்நலத்துக்குச் செய்யும் செலவைவிட நீண்டகாலம் பலன் தரும் முதலீடு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

முத்துலட்சுமி பிறந்த ஜூலை 30-ஆம் நாளை மருத்துவமனை தினமாகத் தமிழக அரசு மருத்துவமனைகள் கொண்டாடுகின்றன. நல்ல மரபு. அடுத்த ஆண்டு அந்த நாளில் ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஒரு கணக்கை வெளியிடலாம்: இந்த ஆண்டு பள்ளிகளிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் மருத்துவமனையை அடைந்தவர்கள் எத்தனை பேர், குணமடைந்து வகுப்புக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர். அந்த மூன்று எண்களும் ஒன்றாகும் நாளில்தான், ஒரு மருத்துவர் தம் வருவாயைத் துறந்து சட்ட மேலவைக்குச் சென்றதன் நோக்கம் நிறைவேறும்.