குமரப்பா கண்ட கணக்கு

மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் செல்லும் நெடுஞ்சாலையில், திருமங்கலத்துக்கு அப்பால் டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் உள்ளது. அங்கே 1940ஆம் ஆண்டில் கோ. வேங்கடாசலபதி என்னும் தேசத் தொண்டர் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. 1950களின் இடைப்பகுதியில், அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அவ்வாசிரமத்துக்கு வந்து ஒரு சிறு குடிலில் தங்கினார். அவருடைய உடைமைகள் மிகச் சில. எனினும் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் தூய்மையாக இருந்தது. இளமையில் இலண்டன் மாநகரத்தின் நடையுடைகளைப் பயின்றவர், பம்பாயில் பெருவணிகர்களின் கணக்குகளை ஆராய்ந்து பொருள் ஈட்டியவர் அவர் என்பதை அக்குடிலைக் கண்டவர் எளிதில் நம்பியிருக்கமாட்டார். அவரே அறிஞர் ஜே. சி. குமரப்பா.

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். அன்னையார் எஸ்தர் இராசநாயகம். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது. இளமையிலேயே இலண்டன் சென்று கணக்காய்வுத் தொழிலைக் கற்றுத் தேர்ந்த அவர், தாயகம் திரும்பிப் பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். 1924இல் சொந்த நிறுவனமும் கண்டார். உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் ஆங்கிலேயரைப் போலவே அந்நாளில் அவர் வாழ்ந்தார். நல்ல துணி, நல்ல காலணி, நல்ல கைத்தடி என எதையும் உயர்ந்ததாகவே வாங்கினார். பணம் இருந்தது, வாங்கினார். அதில் பிழை உண்டென்று அன்று அவருக்குத் தோன்றியதில்லை.

அந்த எண்ணத்தை அசைத்தது அமெரிக்கப் பயணம். அங்கே சிரக்கூஸ் பல்கலைக் கழகத்தில் 1928இல் பட்டம் பெற்றபின், நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பொருளியல் பயின்றார். ஒரு நாள் தேவாலயம் ஒன்றில் இந்தியாவின் வறுமைக்குக் காரணம் யாது என்பதுபற்றிப் பேசினார். அப்பேச்சு நாளிதழில் வெளிவந்தது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு அவரைப் பணித்தார். கணக்கேடுகளைப் புரட்டப் பழகிய கண்கள் ஆங்கில அரசாங்கத்தின் வரவு செலவை ஆராயத் தொடங்கின. மக்களிடமிருந்து பெறும் வரி எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று பார்த்தவருக்கு, நாட்டின் வறுமை விதியின் விளைவன்று என்பது விளங்கிற்று. கணக்குப் படித்தவர் தேசபக்தராக மாறியது இவ்வாறுதான். 1929இல் தாயகம் திரும்பியதும், கார்னீலியஸ் என்னும் பெயரை விடுத்துக் குமரப்பா என்னும் பெயரை ஏற்றார்.

தாம் எழுதிய ஆராய்ச்சியை வெளியிட விரும்பிய அவர், அதைக் காந்தியடிகளிடம் காட்டுமாறு நண்பர்கள் கூறியதால் 1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். விருந்தினர் விடுதியில் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தவிர வேறு பொருள் இல்லாதது கண்டு திகைத்தார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே, மேனாட்டு உடையுடன் கையில் தடியும் ஏந்திப் புறப்பட்டார். வழியில் ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். சந்திக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தமையால் குமரப்பா தடியை ஊன்றி நின்று அவரை வேடிக்கை பார்த்தார். சிறிது நேரத்துக்குப்பின் அம்முதியவரே, வந்தவர் குமரப்பாதானா என்று வினவினார். அவரே காந்தியடிகள்! குமரப்பா தம் விலையுயர்ந்த கால்சட்டை மடங்குவதையும் பாராமல் அத்தரையிலேயே அமர்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார். அதை அவர் ஏற்கவில்லை.

அவருடைய கட்டுரையை அடிகள் தம் இதழில் தொடர்ந்து வெளியிட்டார். குஜராத்தில் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையை ஆராயும் பணியையும் ஒப்படைத்தார். குஜராத்தி மொழி அறியாத குமரப்பா, வித்யாபீட மாணவர்களின் துணையுடன் 54 ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். புத்தகத்தில் படித்த வறுமையை அவர் நேரிற் கண்டது அங்கேதான். அதன்பின் மேனாட்டு உடைகள் அவர் உடலைவிட்டு நீங்கின, கதர் ஏறிற்று. பிற்காலத்தில், துணி வீணாகாதபடி வேட்டிக்கும் பைஜாமாவுக்கும் இடைப்பட்ட உடை ஒன்றைத் தாமே வகுத்துக்கொண்டு அணிந்தார்.

எளிமை வேறு, கஞ்சத்தனம் வேறு. இதை அவர் வாழ்வில் நிகழ்ந்த ஒரு செய்தி காட்டும். 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இராசேந்திர பிரசாதரின் தலைமையில் அமைந்த துயர்துடைப்புக் குழுவின் நிதியைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. நாடெங்கிலுமிருந்து ஏழைகள் அனுப்பிய காசு அது. தொண்டர் ஒவ்வொருவரின் உணவுக்கும் நாளொன்றுக்கு மூன்றணா என அவர் வரையறுத்தார். அந்நாளில் காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தார். அவர்களுடைய உணவுச் செலவையும் மோட்டார் எண்ணெய்ச் செலவையும் துயர்துடைப்பு நிதியிலிருந்து தர இயலாது எனக் குமரப்பா மகாதேவ தேசாயிடம் தெரிவித்துவிட்டார். காந்தியடிகளுக்கே மறுப்பா என்று பலர் வியந்திருக்கலாம். அடிகளோ அதைச் சரியென்றே ஏற்றார். பிறர் பொருளைச் செலவிடுவதில் இத்தனை கண்டிப்பு இருந்தவர், தம் பொருளைச் செலவிடுவதிலும் அதே கண்டிப்பைக் கைக்கொண்டதில் வியப்பில்லை.

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராகிய குமரப்பா வார்தாவில் உள்ள மகன்வாடியில் தங்கிப் பணிபுரிந்தார். மரச்செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு ஆகியவை அங்கே ஆராயப்பட்டன. கந்தலும் கழிவுத்தாளும் ஊறவைத்துக் கூழாக்கப்பட்டுப் புதிய தாளாயின. வெளிநாட்டு மண்ணெண்ணெயை வாங்காமல் உள்ளூர்த் தாவர எண்ணெயிலேயே எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கு உருவாயிற்று. ஊரிலேயே கிடைக்கும் பொருள் இருக்க, ஏன் தொலைவிலிருந்து வாங்கவேண்டும் என்பதே இவையனைத்துக்கும் அடியில் இருந்த வினா.

ஒரு பொருளின் விலை கடைக்காரர் சொல்லும் தொகையோடு முடிவதில்லை என்பது குமரப்பாவின் கொள்கை. இதை விளக்க அவர் எடுத்துக்கொண்டது ஒரு டப்பா கோக்கோ. மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில் வற்புறுத்தி வேலை வாங்கப்பட்டோரின் உழைப்பில் அக்கொட்டை விளைந்திருக்கலாம். போர்க்கப்பல்கள் காவல் காக்கும் கடல்வழியே அது சென்றிருக்கலாம். ஆலையில் குறைந்த கூலி பெற்ற தொழிலாளர் அதை அரைத்துப் பொடியாக்கியிருக்கலாம். பிறகு அடிமை நாட்டின் சுங்க விதிகள் அளித்த சலுகையோடு நம் கடைக்கு வந்திருக்கலாம். காசு கொடுத்து அதை வாங்குபவர் கோக்கோவோடு இவை அனைத்தையும் சேர்த்தே வாங்குகிறார். அத்தீமைகளில் அவருக்கும் பங்கு உண்டு. ஆகவே, செய்தவர் யார், எவ்வாறு செய்தார் என்று அறியக்கூடிய அண்மையிலிருந்தே பொருள்களை வாங்கவேண்டும் என்றார். அவ்வாறு அறிய இயலாதவற்றைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்றும் வற்புறுத்தினார். கணக்காய்வாளர் ஒருவர் கடைத்தெருவில் நின்று எழுதிய வரவுசெலவுக் கணக்கு என்றே இதனைச் சொல்லலாம்.

1942 இயக்கத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய ஆங்கில நூல் 1945இல் வெளிவந்தது. நிலைத்த பொருளாதாரம் என்பது அதன் பெயரின் பொருள். இயற்கையின் செல்வத்தை அவர் அதில் இருவகையாகப் பிரித்தார். நிலக்கரியும் பெட்ரோலியமும் இரும்புத்தாதும் தேக்கிவைத்த குளத்து நீர் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். பருத்தியும் மரமும் தானியமும் ஆற்று நீர் போன்றவை. அளவறிந்து கொண்டால் ஆண்டுதோறும் வரும். குளத்து நீரையே நம்பி வாழும் சமுதாயம் அதற்காகப் பிறரோடு போரிடவும் நேரும் என்று அவர் எச்சரித்தார். உலகம் இதைப்பற்றிப் பரவலாகப் பேசத் தொடங்கியது 1970களில்தான். 1973இல் பெரும்புகழ் பெற்ற நூலொன்றை எழுதிய பொருளியலறிஞர் ஷூமாக்கர், அந்நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டிருக்கிறார்.

குமரப்பா நூலாக எழுதியதை நம் பாட்டிமார் நூல் இல்லாமலே அறிந்திருந்தனர் எனலாம். திருவில்லிபுத்தூரில் கைத்தறியில் நெய்த நூற்சேலை ஒன்றன் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகள் அது உடையாக இருக்கும். பிறகு பிள்ளைக்குத் தூளியாகும். தூளி நைந்தால் பழந்துணிகளோடு சேர்த்துத் தைக்கப்பட்டு விரிப்பாகும். அதுவும் கிழிந்தபின் அடுப்படியில் கரித்துணியாகும். எஞ்சியது விளக்குத் திரியாகும். வெந்தயத்தையும் காகிதத்தையும் ஊறவைத்து அரைத்த கூழை முறத்தில் பூசுவர். முறம் பல ஆண்டு உழைக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவில் வந்தால் ஊரே கூடும். பழுது பார்ப்பவருக்கும் அதனால் பிழைப்பு நடந்தது. வாங்குவது குறைந்தால் உழைப்பவர் பட்டினி கிடப்பாரே என்று கேட்பவர்களுக்கு இதுவே விடையின் ஒரு பகுதி.

ஆயினும் முழுவிடை அத்துணை எளிதன்று. காந்தியடிகள் 1927ஆம் ஆண்டுக் கதர்ப் பயணத்தில் இராசபாளையத்துக்கு வந்தார். அவ்வூரில் இராட்டையும் கதரும் சிறந்து விளங்கின. அதே இராசபாளையத்தில் 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலை நிறுவினார். அதனைத் தொடர்ந்து ஆலைகள் பெருகின. பல குடும்பங்கள் அவற்றால் வாழ்வு பெற்றன. இராட்டையோ பின்தங்கிற்று. ஆலை பலரின் கைவேலையைப் பறித்துச் சிலருக்குக் கூலி தருகிறது என்று குமரப்பா வாதிட்டார். ஆலைக் கூலியால் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர் அதை ஒப்பியிருக்கமாட்டார்கள். இரு பக்கத்தையும் கருதிப் பார்க்கவேண்டிய வழக்கு இது.

நாடு விடுதலை பெற்றபின் வழக்கு குமரப்பாவுக்கு எதிராகவே முடிந்தது. பேரணைகளும் பெருந்தொழிற்சாலைகளும் நாட்டின் திட்டங்களில் முதலிடம் பெற்றன. அவர் அதற்கு இசையவில்லை. முன்னரே தேசியத் திட்டக் குழுவில் சேர்ந்து சில மாதங்களில் விலகியவர் அவர். நிலச்சீர்திருத்தம்பற்றிக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று 1949இல் அறிக்கை தந்தார். அதிற் பெரும்பகுதி ஏட்டளவில் நின்றது. கடிந்து பேசும் இயல்பும் அவருக்கு உண்டு. அதனால் அதிகாரத்தில் இருந்த பழைய நண்பர்கள் சிலரும் விலகினர். பதவியை நாடியிருந்தால் அவருடைய கல்விக்கும் தொண்டுக்கும் கிடைத்தே இருக்கும். அவர் நாடியதோ சிற்றூரை.

கல்லுப்பட்டிக் குடிலுக்கு அவர் வந்தது அந்நிலையில்தான். இரத்த அழுத்த நோய் அவரை வருத்திற்று. எனினும் எழுத்து நிற்கவில்லை. காண வந்தவர்களோடு வாதிடுவதும் நிற்கவில்லை. அக்குடிலின் சுவரில் ஏழை உழவர் ஒருவரின் படம் மாட்டப்பட்டிருந்தது. அவர் யார் என்று கேட்டவர்களுக்கு, தம் தலைவர் காந்தியடிகள் என்றும், அவருடைய தலைவரே படத்தில் இருப்பவர் என்றும் குமரப்பா விளக்குவார். எந்தச் செலவையும் அந்த உழவர் கணக்கிலேயே எழுதிப் பார்ப்பது அவர் வழக்கம்.

குமரப்பா 1960ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள், தம் 68ஆம் வயதில், சென்னையில் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காந்தியடிகள் மறைந்ததும் அதே நாளில்தான். அவர் நினைவிடம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் இருக்கிறது.