2,000 ரூபாய்க்கு கார்... ஜி.டி.நாயுடுவின் திட்டம் என்ன ஆச்சு?

முன்பக்கம் கதவு திறக்கிற, முட்டை மாதிரியான குட்டிக் காரை ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. அது ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ தயாரித்த இசெட்டா. மூன்று சக்கரத்தின் மேல் போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டை வைத்தது போல இன்னொன்றும் உண்டு. அது மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர்.200. இசெட்டாவில் இருவர் பக்கத்து பக்கத்தில் உட்காரலாம். மெஸ்ஸர்ஷ்மிட்டில் பைக் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவர். இரண்டுமே 1955-ல் விற்பனைக்கு வந்தவை.

அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1952-ல், இருவர் போகும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்று கோவையில் ஒருவர் திட்டம் போட்டார். அவர்தான் ஜி.டி.நாயுடு.

யார் இவர்?

1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நின்றுவிட்டது. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த பைக்கையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, திரும்ப மாட்டினார். அதுதான் அவருடைய இன்ஜினீயரிங் காலேஜ்!

1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி–பழனி ரூட்டில் தானே ஓட்டினார். அதுவே யூ.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. பிறகு பேட்டரியில் ஓடும் 'ரசாந்த்' ஷேவிங் ரேஸர், 1937-ல் பீளமேட்டில் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உருவாக்கிய மின் மோட்டார் என்று வரிசையாக வந்தன. 1945-ல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். நான்கு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம் என்றார். அரசு ஏற்கவில்லை, பொறுப்பிலிருந்து விலகினார்.

கார் ஏன் வரல?

லைசென்ஸ் கிடைக்கவில்லை. 1951-ல் வந்த தொழில் சட்டப்படி, கார் போன்ற பொருட்களைத் தயாரிக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். (நம்ம காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில், அந்தச் சட்டம் இங்கே எட்டவே இல்லை.) நாயுடுவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது, திட்டம் அத்தோடு நின்றது.

வந்திருந்தால் ஓடியிருக்குமா? ஜெர்மனியிலேயே வசதி பெருகியதும் மக்கள் பெரிய கார்களுக்கு மாறினார்கள். 1962-ல் இசெட்டா நின்றது, 1964-ல் மெஸ்ஸர்ஷ்மிட். ஆனாலும் இசெட்டா மட்டும் 1.6 லட்சத்துக்கு மேல் தயாரானது. அங்கே வேண்டாம் என்று சொன்னது வாங்க வந்தவர்கள். இங்கே வாங்குபவர் கண்ணிலேயே கார் படவில்லை. சாமானியருக்கான கார் என்று நானோ வர 2009 வரை காத்திருந்தோம்.

நாயுடு 1974 ஜனவரி 4-ல் காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரைத் தாங்கிய 'ஜி.டி. கார் மியூசியம்' இருக்கு. பழைய கார் பிரியர்கள் அந்தப் பக்கம் போனால் அரை நாள் ஒதுக்கிக்கோங்க.