திப்பு கூடாரத்தில் கார்டன் பார்ட்டி! மெட்ராஸ் கவர்னர் மனைவி கதை

மெட்ராசை 1798 முதல் 1803 வரை ஆண்ட கவர்னர் எட்வர்டு கிளைவ். ராபர்ட் கிளைவின் மகன். இவர் மனைவி ஹென்ரியட்டா கோட்டைக்குள் சும்மா குந்தியிருக்கவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கொல்லப்பட்ட மறு வருஷமே, 1800-ல், இரண்டு மகள்களோடு கிளம்பிட்டார். புருஷன் வரவில்லை. யானை, மாட்டு வண்டி, கூடவே ஒரு பியானோ வேறு. தூக்கியவர்கள் பாடு என்னவோ! வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோவை, திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி என்று 7 மாதம், 1,000 மைலுக்கு மேல் சுற்றினார்.

திப்புவின் சிம்மாசனத்தில் இருந்த தங்கப் புலித்தலை ஒன்றும், அவருடைய பூ அச்சிட்ட பருத்திக் கூடாரமும் கிளைவ் குடும்பத்தின் கைக்கு வந்தன. இரண்டும் கப்பலேறி வேல்சில் உள்ள போவிஸ் கோட்டைக்குப் போயிட்டன. மைசூர் ராஜாவின் கூடாரத்தை பிற்காலத்தில் தோட்டத்து விருந்துக்கு பந்தலாகப் போட்டார்கள்.

ஹென்ரியட்டா 1830-ல் இறந்தார். கூடாரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.